அம்மம்மாவை நேரில் கண்டதும் பிள்ளை அழுதால்?

முள்ளியவளை – ஒஸ்லோ

ஒஸ்லோவிலிருந்து முள்ளியவளைக்கு, எங்கள் ஊருக்கு வந்து ஐந்து நாள். மகளுக்கு எட்டு மாதம். பிறந்ததிலிருந்து ஒரு நாள் தப்பாமல் அம்மம்மாவோடு வட்ஸ்அப்பில் கதைக்கிறவள். எங்களுக்குப் பின்னேரம் மூன்று மணி என்றால் அம்மாவுக்கு விளக்கு வைக்கும் நேரம். அந்த நேரம் போன் அடித்தாலே கையையும் காலையும் உதறுவாள். அம்மாவின் முகம் தெரிந்தால் வாயெல்லாம் சிரிப்பு.

ஊரில் இறங்கியதும் பாய்ந்து போவாள் என்றுதான் நினைத்தோம். படலையடியில் அம்மா கையை நீட்டினார். ஒரு பார்வை பார்த்தாள், என் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்து வீரிட்டு அழுதாள். சரி, பயணக் களைப்பு என்றோம். அடுத்த நாளும் அதே. பக்கத்து வீட்டுப் பெட்டைகள் தூக்கினால் போகிறாள், அம்மாவிடம் மட்டும் இல்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் என் போன் அடித்தது. அம்மா! கிணற்றடியில், வாழைக்குப் பின்னால் நின்று தம்பியின் போனில் வீடியோ எடுக்கிறார். மகள் துள்ளினாள். "என்ரை குஞ்சு, சாப்பிட்டியளோ?" என்று அம்மா கேட்கக் கேட்க, இவள் திரையைத் தடவித் தடவிச் சிரிக்கிறாள். கிணற்றடியிலிருந்து குரல் நேராகவும் வருகிறது, போனில் ஒரு கணம் பிந்தியும் வருகிறது. பிள்ளை கிணற்றடிப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

அம்மாவும் சிரித்துக்கொண்டுதான் கதைத்தார். முடிந்ததும் வாளியை எடுத்து, ஏற்கெனவே நிரம்பியிருந்த தொட்டிக்குத் தண்ணீர் அள்ளத் தொடங்கினார்.

இன்னும் இரண்டு கிழமைதான் இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் எத்தனை நாளில் சேர்ந்தார்கள்?

விசுவமடு – லண்டன்

எங்கள் மகன் நாலாம் நாள் சேர்ந்தான். அதுவும் அப்பப்பா ஆட்டுக்குட்டியைத் தூக்கி வந்ததால். ஆள் போனது ஆட்டிடம், அப்பப்பா இடையில் அகப்பட்டார். யோசிக்காதேங்கோ.

எனக்கு இன்னும் மனதில் கிடந்து உறுத்துவது கார் சீட். இங்கே 12 வயது அல்லது 135 சென்ரிமீற்றர் உயரம் வரும்வரை பிள்ளைக்குச் சீட் வேண்டும் என்பது சட்டம். பிறந்த பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்ததே அதில்தான். ஆகவே அதையும் இழுத்துக்கொண்டு கட்டுநாயக்காவில் இறங்கினேன். பிடித்த வானில் பின்சீட் பெல்ட் இருந்தது, அதைக் கொளுவுகிற பூட்டு சீட்டுக்கு அடியில் போய்ப் பல வருடம். சாரதி அண்ணை நல்ல மனுஷன், கயிறு எடுத்து வந்தார். "தம்பி, இறுக்கிக் கட்டி விடுறன். நெல்லு மூட்டையே அசையாது."

நான் வேண்டாம் என்றேன். முந்நூறு கிலோமீற்றருக்கு மேல், இரவுப் பயணம். பிள்ளை மனைவியின் மடியில். வவுனியா கழிந்த பிறகு றோட்டில் மாடுகள் படுத்திருந்தன, எதிரே லொறி வெளிச்சம். மனைவி ஒரு வார்த்தை கதைக்கவில்லை, பிள்ளையின் நெஞ்சில் வைத்த கையையும் எடுக்கவில்லை. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் இறங்கிக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்ப ஏறிப் பார்க்கிறேன்: கச்சான் பையும் தண்ணீர்ப் போத்தலும் கார் சீட்டில் வார் போட்டுப் பத்திரமாக இருக்கின்றன. பிள்ளை மடியில்.

லண்டனில் அடுத்த தெருவுக்கு என்றாலும் அந்த வாரை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறவன் நான்.

உருத்திரபுரம் – சூரிச்

எங்களுடையது ஏணைக் கதை. சுவிசில் தாய்க்கு 14 கிழமை லீவு, தகப்பனுக்கு 2021 இல் இருந்துதான் இரண்டு கிழமை. அம்மாவுக்குக் கிடைத்ததோ 90 நாள் விசா. வரும்போது பழைய நூல்சேலை ஒன்றை மடித்துக் கொண்டுவந்தார், ஏணை கட்ட. கொங்கிரீட் வீட்டில் கூரை வளைக்கு எங்கே போவது? கடைசியில் கதவு நிலையில், என் மனுஷன் உடற்பயிற்சிக்கு வாங்கிப் பாவிக்காமல் விட்ட கம்பியில் கட்டினோம். முதல் நாளே பிள்ளை மூன்று மணித்தியாலம் நித்திரை.

அன்று பார்த்துத் தாய்-சேய் ஆலோசனைத் தாதி வந்தார். ஏணையைக் கண்டு நின்றார். கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் ஜெர்மனில் சொன்னார்: பிள்ளையின் தாடை நெஞ்சில் மடிந்தால் மூச்சு அடைக்கலாம், தட்டையான இறுக்கமான மெத்தையில் மல்லாத்திப் படுக்க வைக்க வேண்டும், பக்கத்தில் துணி எதுவும் கூடாது. அம்மாவுக்கு மொழி விளங்காது. தாதியின் முகத்தையே பார்த்துக்கொண்டு ஏணையை ஆட்டிக்கொண்டிருந்தார். "என்னவாம் பிள்ளை? நல்லாயிருக்காமோ?"

ஓம் என்றேன்.

பிறகு பகலில், அம்மா பக்கத்தில் இருந்தால் மட்டும் ஏணை, இரவில் கட்டில் என்று ஏதோ காரணம் சொல்லிச் சமாளித்தேன். அது செட்டிகுளம் முகாமில், 2009 இல், கூடாரத் தடியில் கட்டித் தம்பியை வளர்த்த சேலை. நான் எப்படி மொழிபெயர்க்கிறது?

மாங்குளம் – ஸ்காபரோ

சூரிச்காரி செய்தது பிழை என்றுதான் சொல்வேன். சொல்லியிருக்க வேண்டும். எங்கள் மாமியிடம் நான் ஒளிக்காமல் சொல்லியும் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

பத்தொன்பதாம் மாடி, மாசி மாதம். பிள்ளையை முழுக வார்த்துச் சாம்பிராணி காட்டக் கூடாது, அலாரம் அடிக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் நான் கடைக்குப் போனேன். மாமி காட்டினார். வீட்டு அலாரம் கத்தியது. புகை போகட்டும் என்று வாசல் கதவை அகலத் திறந்தார். புகை நடைபாதைக்குப் போக, முழுக் கட்டிடமும் அடிக்கத் தொடங்கியது. நான் திரும்பி வரும்போது சனமெல்லாம் பைஜாமாவோடு பனிக்குள் நிற்கிறது. மாமி பிள்ளையைப் போர்வையில் சுற்றி ஒரு கையில் வைத்திருக்கிறார், மற்றக் கையில் சாம்பிராணித் தட்டு. தணல் கிடந்தபடி! நெருப்பை வீட்டில் விட்டுவிட்டு வரக்கூடாது என்று கூடவே கொண்டுவந்தாராம்.

நான் சொல்ல வந்தது இதுவல்ல. ஊருக்குப் பிள்ளையோடு போகிறவர்கள் கவனியுங்கள். பிள்ளை பிறந்த நேரம் தாயோ தகப்பனோ இலங்கைக் குடியுரிமையில் இருந்தால், பிறந்து ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பதியலாம். பிந்தினாலும் வழி இருக்கிறது, அலைச்சல்தான் கூட. பதியாமல் வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் கூட்டிப்போனால் பால்குடிப் பிள்ளைக்கும் தனியாக விசா அனுமதி வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் தங்களுக்கு மட்டும் எடுத்துவிட்டு, விமான நிலையத்தில் பிள்ளைக்காகப் போனை நோண்டிக்கொண்டு நின்றது. பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் ஒரு எழுத்து வித்தியாசம் என்றும் வைக்காதீர்கள். எண்சாத்திரம் பார்த்து இடையில் ஒரு எழுத்துக் கூட்டுகிற ஆட்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள், அதுதான் சொல்கிறேன். மூலப் பத்திரத்தைக் கையில் வைத்திருங்கள், பெட்டிக்குள் போடாதீர்கள்.

ஒட்டுசுட்டான்

நான் ஊரில்தான் இருக்கிறன். மகள் பாரிசில். எல்லாரும் மாமி, அம்மா என்று எங்களைத்தான் சொல்லிச் சிரிக்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

பேரன் பிறந்தபோது தேன் அனுப்பினேன். கடைத் தேன் இல்லை, காட்டுக்குப் போகிற ஆளிடம் சொல்லிவைத்து எடுத்தது. மூடிக்கு மெழுகு வைத்து, மூன்று பொலித்தீன் சுற்றி, துவாய்க்குள் வைத்து, போகிற ஒருவரிடம் கெஞ்சிக் கொடுத்துவிட்டேன். நாக்கில் தொட்டு வைக்க ஒரு துளி. போனில் கேட்டபோது, "வைச்சனாங்கள் அம்மா" என்றாள். பத்து மாதம் கழித்து வீடியோவில் குசினியைச் சுற்றிக் காட்டும்போது மேல்தட்டில் போத்தல் இருக்கிறது. என் மெழுகு அப்படியே இருக்கிறது.

கேட்டால் ஒரு வயதுவரை தேன் கூடாதாம். நாலு பிள்ளைக்கும் தேன் தொட்டு வைத்தவள் நான், நாலும் இருக்குதுகள். கொடுக்காவிட்டால் கொடுக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம்.

முள்ளியவளைப் பிள்ளைக்கு: எத்தனை நாளில் சேரும் என்று கேட்டுக்கொண்டு நீங்களே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தால் எப்படிச் சேரும்? அம்மாவின் மடியில் போட்டுவிட்டுக் கடைக்குப் போங்கோ. அழும். அழட்டும். திரும்பிப் பார்க்காமல் போங்கோ.

குடும்பநல மாது, முல்லைத்தீவு மாவட்டம்

பெரியம்மா, கோபிக்காதேங்கோ. மகள் சொன்னது சரி. தேனில் ஒரு கிருமியின் வித்து இருக்கலாம். பெரியவர்களின் குடலில் அது ஒன்றும் செய்யாது. ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும். முதலில் மலச்சிக்கல், பிறகு அழுகைச் சத்தம் குறையும், பால் உறிஞ்சும் பலம் போகும், பிள்ளை துவண்டுவிடும். காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. மிக அரிதாகத்தான் வரும், அதனால்தான் உங்கள் நாலு பிள்ளைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. நல்ல தேன் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இங்கேயும் ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் என்றுதானே கிளினிக்கில் சொல்கிறோம்.

என் அனுபவம் சின்னது. லீவில் வந்த ஒரு தாய், பிள்ளைக்கு உடம்பு வைக்கவில்லை என்று மாமியார் சொன்னதால், அழாத குறையாகக் கிளினிக்குக்கு வந்தார். கையில் அந்த நாட்டுப் புத்தகம், எனக்கு ஒரு சொல்லும் வாசிக்கத் தெரியாது. தொங்கு தராசில் போட்டோம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதில் போட்டால் கத்துவார்கள். இந்தப் பிள்ளை ஊஞ்சல் என்று நினைத்துச் சிரித்துச் சிரித்து ஆட, முள் நிற்கவேயில்லை. மூன்று தரம் நிறுத்தோம். நிறை நல்ல நிறைதான்.

வருகிறவர்கள் தடுப்பூசி அட்டையைக் கொண்டுவாருங்கள். இங்கே எம்.எம்.ஆர். என்ற சின்னமுத்து ஊசி 9 மாதத்தில், இங்கிலாந்தில் ஒரு வயதில், நோர்வேயில் 15 மாதத்தில். அதனால் "உங்கள் பிள்ளைக்கு இன்னும் போடவில்லையா" என்று அயலில் கேட்டால் பதறாதீர்கள். ஆனால் பயணத்துக்கு முன் உங்கள் வைத்தியரிடம் இதைக் கேளுங்கள். பகலிலும் நுளம்பு வலை கட்டுங்கள், டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும். பால்மா கரைக்கிறவர்கள் எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சரி என்று நினைக்காதீர்கள். கிருமி சாகும், கல்லுத்தன்மை முழுதாகப் போகாது. தண்ணீரில் எவ்வளவு கல்லு என்று கேத்தலின் அடியைப் பார்த்தால் தெரியும். குளிர்நாட்டு உடுப்பை மூன்று அடுக்குப் போட்டுப் பிள்ளையை அவிக்காதீர்கள், வேர்க்குருவோடுதான் எங்களிடம் வருகிறீர்கள்.

புளியங்குளம் – பர்மிங்காம்

மகனுக்குப் பத்து மாதம், பகல் பராமரிப்பு நிலையத்தில் முதல் கிழமை. கூட்டிவரப் போனேன். "ஒரு நிமிடம் உள்ளே வர முடியுமா?" என்று ஒரு அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள். மேசையில் ஒரு தாள். அதில் முகம் இல்லாத ஒரு பிள்ளையின் உருவம், முன்பக்கமும் பின்பக்கமும் கோட்டால் வரைந்தபடி. பின்பக்க உருவத்தில், இடுப்புக்குக் கீழே, பேனையால் ஒரு வட்டம். "இது எப்போது நடந்தது?"

எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. பிறப்பிலேயே இருந்த நீல மச்சம். எங்கள் நிறத்துப் பிள்ளைகள் கனபேருக்கு இருக்கும், சில வருடத்தில் மங்கிவிடும். அம்மா முழுக வார்க்கும்போது அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. அதற்குத் தமிழில் ஒரு பெயர்கூட எனக்குத் தெரியாது. அடித்த காயம் இல்லை என்று நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, என் குரல் எனக்கே பொய் சொல்கிறவனின் குரல் மாதிரிக் கேட்டது.

வைத்தியரின் கடிதத்தோடு அடுத்த நாள் முடிந்தது. அவர்கள் தங்கள் வேலையைத்தான் செய்தார்கள், குறை இல்லை. பிள்ளையின் சிவப்புச் சுகாதாரப் புத்தகத்தில் முதல் வருகையிலேயே அதைக் குறித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், எங்களுக்கு எழுதவில்லை. இப்போதும் மகன் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டால் எனக்கு அந்த முகமில்லாத படம்தான் வருகிறது.

நெடுங்கேணி – பேர்கன்

எனக்குச் சின்னக் கதை. நோர்வேயில் தகப்பனுக்கென்றே 15 கிழமை லீவு, எடுக்காவிட்டால் அது போச்சு. எடுத்தேன். மகனைத் தள்ளுவண்டிலில் வைத்து உலாத்துகிற படம் ஒன்றை மத்தியானம் அம்மாவுக்கு அனுப்பினேன், அடுத்த நாளும் அனுப்பினேன். மூன்றாம் நாள் அம்மா எடுத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தம்பி, மனுசி பக்கத்தில நிக்கிறாவோ?" என்றார். இல்லை என்றேன். "வேலை போட்டுதோ? காணியிலை ஒரு துண்டை விக்கட்டே?"

லீவு என்று விளங்கப்படுத்த அரை மணித்தியாலம். சம்பளத்தோடு என்பதை இன்றுவரை நம்பவில்லை. பிறகு, பிள்ளையை வண்டிலோடு வெளியே, குளிருக்குள் நித்திரைக்கு விட்டிருக்கிறோம் என்று அறிந்தபோது நடந்ததை எழுதினால் அது தனிக் கதை.

வற்றாப்பளை – மெல்பேண்

விசுவமடு அண்ணை, அந்தக் கார் சீட்டை ஊரில் விட்டுவிட்டா போனீங்கள்? ஆவணியில் வாறம். பெல்ட் உள்ள வானாகப் பார்த்துச் சொல்லிவைத்திருக்கிறேன், சீட் மட்டும் இல்லை. ஒரு மாதத்துக்குத் தாங்கோ.

முள்ளியவளை – ஒஸ்லோ

ஒன்பதாம் நாள். ஒட்டுசுட்டான் பெரியம்மா சொன்னபடி விட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். தண்ணீரூற்றுச் சந்தி வரைக்கும் போகவில்லை, மதிலுக்கு வெளியே நின்றேன். கால் மணித்தியாலம் கத்தினாள். பிறகு சத்தம் இல்லை. பயந்து உள்ளே ஓடினால், அம்மாவின் மடியில் இருந்து எதையோ சப்புகிறாள், தாடையெல்லாம் வழிகிறது. என்ன குடுத்தனீங்கள் என்று கேட்டேன். "தேன் இல்லை" என்றார். அவ்வளவுதான், வேறொன்றும் சொல்கிறாரில்லை.

விசுவமடு – லண்டன்

வற்றாப்பளைத் தங்கச்சி, சீட் வீட்டில்தான் இருக்கிறது. நேற்றுக் கேட்டேன், அம்மா படம் அனுப்பினார். விறாந்தையில், வார் எல்லாம் போட்டபடி, அதற்குள் கோழி அடைக்குக் கிடக்கிறது. பதினொரு முட்டையாம். ஆவணிக்குள் பொரித்துவிடும், கழுவித் தரச் சொல்கிறேன்.