கிணற்றடியில் பாழான உடுப்பு, தப்பிய உடுப்பு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கல்லடி ரீச்சர்

நேற்று மகனின் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அந்தச் சேட் மறுபடி கையில் அகப்பட்டது. கொலரின் உட்பக்கம் இன்னும் லேசான காவி. பார்த்ததும் மனம் ஒருமாதிரி ஆகிவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஒழுங்கையில் எல்லாக் கிணறும் காவித் தண்ணீர்தான். அள்ளும்போது பளிங்கு மாதிரி இருக்கும். வாளியில் கொஞ்ச நேரம் நின்றால் அடியில் செம்மஞ்சளாகப் படியும். தவணை தொடங்குவதற்கு முதல் நாள். ஐந்து வெள்ளைச் சேட், மகளின் இரண்டு வெள்ளைக் கவுன். கொலர் ஊத்தை சவர்க்காரத்துக்குப் போகவில்லை என்று வாளித் தண்ணீரில் இரண்டு மூடி ப்ளீச் ஊற்றி எல்லாவற்றையும் அமுக்கினேன். கையை விட்டு ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் தண்ணீர் வெறுந்தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது. ஒரு சேட்டைத் தூக்கினேன். தோளில் இருந்து கை வரைக்கும் துருநிறம், மேகம் மேகமாக. அடுத்ததும் அப்படியே. ஏழும் அப்படியே.

பதறிப்போய் இன்னும் ஒரு மூடி ஊற்றப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து கையைப் பிடித்தார். “விடு புள்ள, ஊத்த ஊத்த இன்னும் சிவக்கும்.” பிறகு குழாய்த் தண்ணீரில் நாலு தரம் அலசச் சொன்னார். “ப்ளீச் மணம் போற வரைக்கும் தேசிக்காயக் கிட்டக் கொண்டு வராத, ரெண்டும் சேந்தா மூச்சடைக்கும்” என்று கண்டிப்பாகச் சொன்னார். மணம் முழுதாகப் போன பிறகுதான் தேசிக்காய்ச் சாறும் உப்பும் தடவி வெயிலில் விரித்தோம். பின்னேரம் மூன்று மணிக்கு ஆறு உடுப்பு வெள்ளை. ஏழாவதின் கொலர்தான் இது.

எங்கள் பள்ளிக்கூட இரசாயனவியல் சேர் பிறகு விளக்கினார். தண்ணீரில் இரும்பு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கிறது. ப்ளீச் பட்ட உடனே அது துருவாக மாறி நூலில் ஒட்டிவிடும். தேசிக்காய்ப் புளி அந்தத் துருவைக் கரைத்து எடுக்கும். இப்போது வெள்ளை உடுப்பு என்றால் குழாய்த் தண்ணீர் மட்டும்தான். அது இல்லாத நாளில், முதல் நாள் இரவே வாளியில் அள்ளி வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் எடுப்பேன்.

அந்த அக்கா வந்திருக்காவிட்டால் ஏழையும் அன்றைக்கே குப்பையில் போட்டிருப்பேன். எல்லாம் ஒரு வருசம்கூடப் போடாத உடுப்பு. அதுதான் இன்னும் உறுத்துகிறது. உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

மருதமுனைத் தறிவீடு

ரீச்சரின் வாளி நிறம் மாறிய இடத்தை வாசித்ததும் எனக்கு ஒரு சாரி நினைவுக்கு வந்தது.

கைத்தறிச் சாரி. உடல் அரக்குச் சிவப்பு, கரை பால்வெள்ளை. எங்கள் வீட்டுத் தறியில் உம்மாவும் நானும் நெய்தது. வாங்கிக்கொண்டு போனவர் ஒரு மாதத்தில் மட்டக்களப்பில் இருந்து பஸ் ஏறித் திரும்பி வந்தார். சத்தம் போடவில்லை. மேசையில் விரித்தார். வெள்ளைக் கரை முழுக்க ரோசா நிறம். அந்தக் கரையைப் பெருவிரலால் தடவிக்கொண்டே, “மகள் முதல் சம்பளத்தில வாங்கித் தந்தது” என்று மட்டும் சொன்னார். தடவினால் போய்விடும் என்பது போலத் தடவிக்கொண்டே இருந்தார்.

என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். உப்புப் போட்டால் சாயம் போகாது என்று யாரோ சொல்ல, சுடுதண்ணீரில் உப்புப் போட்டு ஓர் இரவு ஊற வைத்திருக்கிறார். சாயம் போடும்போது உப்பு உதவும், உண்மைதான். தொட்டியில் சாயத்தை நூலுக்குள் தள்ளுவதற்கு அது வேண்டும். நூலில் பிடிக்காமல் மேலே நிற்கிற மிச்சச் சாயத்தைப் பிறகு எவ்வளவு உப்பும் கட்டிப்போடாது. சுடுதண்ணீர் அதைக் கழற்றும். கழன்ற சாயம் இரவு முழுக்க வெள்ளை நூலோடு கிடந்தால் அதில் ஏறத்தான் செய்யும்.

முதல் மூன்று தரம் பச்சைத் தண்ணீரில், தனியாக, இரண்டு நிமிசம் அலசி உடனே எடுத்து நிழலில் போட்டிருந்தால் அந்தச் சாரி இன்றைக்கும் அப்படியே இருந்திருக்கும். இதை விற்கும்போதே சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். ஒரு துண்டுக் கடதாசியில்கூட எழுதிக் கொடுக்கவில்லை. உம்மா வேறு சாரி எடுத்துக் கொடுத்தார், அவர் வாங்கவில்லை. “பரவாயில்ல தங்கச்சி, வீட்டில உடுக்கிறன்” என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

இப்போது ஒவ்வொரு சாரியோடும் கடதாசி போகிறது. என் கையெழுத்தில்.

களுவாஞ்சிகுடி மெஷின் திருத்துபவர்

நான் சலவை மெஷின் திருத்துகிறவன். ஒரு வீட்டில் தண்ணீர் வெளியே போகவில்லை என்று கூப்பிட்டார்கள். கீழே இருக்கிற வடியைக் கழற்றினேன். கைப்பிடி அளவுக்குச் சாம்பல் நிறக் கட்டி, கம்பளி மாதிரி. அந்த வீட்டு அக்கா பயந்து, “இது என்ன தம்பி, செத்த எலியா?” என்று கேட்டார். “இல்ல அக்கா, இது உங்கட உடுப்பு” என்றேன். ஒன்றரை வருசமாக உடுப்பில் இருந்து உதிர்ந்த நூல். அவர் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு மறக்காது.

இனி நான் சொல்ல வந்தது. உப்பு வேலை செய்யாது என்று தறிவீட்டுத் தங்கச்சி அடித்துச் சொல்வதை என்னால் முழுக்க ஏற்க முடியவில்லை. எங்கள் அம்மம்மா உப்புப் போட்டுத்தான் அலசுவார், அவருடைய சாரி எதுவும் சாயம் விட்டதில்லை. ரீச்சர் தேசிக்காயைப் பற்றி எழுதியதும் நல்லதுதான், ஆனால் நிறத் துணியில் போட்டுவிடாதீர்கள், வெயிலோடு சேர்ந்தால் நிறத்தை வெளுக்க வைக்கும்.

மெஷின் விசயத்தில் எல்லாரும் செய்கிற பிழை தூளை அள்ளிப் போடுவது. நுரை கூடினால் ஊத்தை கூடப் போகும் என்று நினைக்கிறோம். போகாது. அலசி முடியாத தூள் நூலுக்குள் நின்று துணியை விறைக்க வைக்கும், தோலும் கடிக்கும். சொல்லியிருக்கிற அளவில் பாதியில் தொடங்கிப் பாருங்கள். அடுத்தது சிப்பு. காற்சட்டைச் சிப்பைப் பூட்டாமல் போட்டால் அதன் பல் பக்கத்தில் கிடக்கிற ரீசேட்டை அறுக்கும். உட்பக்கம் வெளியே திருப்பிப் போடுங்கள், உரசி நிறம் போவது உள்ளேதான் போகும். கறுப்பு அபாயாவையும் அப்படியே திருப்பி நிழலில் காயப் போடுங்கள். துவாய்க்கு மணத் திரவம் ஊற்றாதீர்கள், அது நூலில் படிந்தால் துவாய் தண்ணீர் உறிஞ்சாது. மேல்மூடி மெஷின் துணியை முறுக்கித் தேய்க்கும், முன்கதவு மெஷின் தூக்கிப் போடும், தண்ணீரும் குறைவாகத்தான் எடுக்கும். காசு இருந்தால் முன்கதவை வாங்குங்கள்.

அந்தச் சாம்பல் கட்டி வடியில் அகப்பட்டது. அகப்படாமல் போகிறதுதான் கூட. பருத்தி நூல் மண்ணில் மக்கிவிடும். பொலியெஸ்டர் நூல் மக்காது. செயற்கைத் துணியைத் துவைப்பதால் வரும் இழைகள், கடலுக்குப் போகிற முதன்மை நுண்பிளாஸ்டிக்கில், அதாவது வெளியேறும்போதே சிறு துணுக்காக இருக்கிற பிளாஸ்டிக்கில், ஏறத்தாழ 35 சதவீதம் என்று இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2017 ஆம் ஆண்டு அறிக்கையில் மதிப்பிட்டிருக்கிறது. எங்கள் வீடுகளின் குழாய் எங்கே போகிறது? மணலுக்குள், கானுக்குள், அப்படியே வாவிக்குள். அதனால் வியர்க்காத உடுப்பை ஒரு தரம் போட்டதற்காகத் தோய்க்காதீர்கள். காற்றில் போட்டு எடுங்கள். மெஷினை நிரப்பித்தான் ஓட விடுங்கள், பாதி மெஷினில் உரசல் கூட.

எப்படியும் கல்லில் அடித்துத் தோய்ப்பதைவிட மெஷின் எவ்வளவோ மேல். சலவைத் தொழில் செய்த கட்டாடிமார் அடித்த அடியில் ஒரு பொத்தானும் மிஞ்சாது.

படுவான்கரை மகன்

கடைசி வரிக்குத்தான் எழுதுகிறேன் அண்ணன். என் அப்பப்பா அந்தத் தொழில் செய்தவர்.

அவர் எல்லாவற்றையும் கல்லில் அடிக்கவில்லை. மூட்டையை அவிழ்த்ததும் முதலில் பிரிப்பார். தடித்த வேட்டி, விரிப்பு ஒரு பக்கம். வெள்ளாவிக்குப் போகிறது அதுதான். சேலை, சின்னப் பிள்ளை உடுப்பு வேறு பக்கம். அவற்றைக் கல்லுக்குக் கொண்டு போகவே மாட்டார், தண்ணீருக்குள் வைத்துப் பிசைவார், பிழியாமல் அமர்த்தி எடுப்பார். எந்த வீட்டு உடுப்பு என்று சேங்கொட்டைச் சாற்றால் துணியில் போட்ட குறியைப் பார்க்காமலே சொல்வார். துணியைத் தொட்டால் தெரியும்.

நான் சொல்ல வந்த நாள் ஒன்று இருக்கிறது. எனக்குப் பத்து வயது இருக்கும். ஒரு வேட்டியைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நடுவில் நூல் நைந்து ஒரு விரற்கடை அளவுக்குக் கிழிசல். சால்வைத் தலைப்பில் எப்போதும் ஊசி குத்தியிருப்பார். அதை எடுத்து, அந்த வேட்டியின் ஓரத்தில் இருந்தே ஒரு நூலை உருவி, கிழிசலை மூடித் தைத்தார். அதே நூல் என்றபடியால் தைத்த இடம் தெரியவில்லை. “கிழிஞ்சதத் தைக்காமத் தண்ணில போட்டா ஒரு விரல் ஒரு முழமாகும் மனே” என்றார். அதற்குப் பிறகுதான் நனைத்தார்.

வேட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது நானும் கூடப் போனேன். அந்த வீட்டார் கூலியை அவர் கையில் தரவில்லை. திண்ணையில் வைத்தார்கள். அப்பப்பா எடுத்துக்கொண்டார். தைத்ததைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை, அவர்களுக்கு இன்றைக்கும் தெரியாது.

நான் இப்போது மெஷினில்தான் தோய்க்கிறேன். ஆனால் கிழிசல், கழன்ற பொத்தான், அவிழ்ந்த மடிப்பு எல்லாவற்றையும் பார்த்துத் தைத்த பிறகுதான் உள்ளே போடுவேன். பொத்தானைப் பற்றி எழுத முன் தயவுசெய்து யோசித்து எழுதுங்கள்.

ஓட்டமாவடி உம்மா

மாரியில் கறுப்புப் புள்ளி பிடித்த பருத்திக்கு என்ன செய்கிறீர்கள்? மகளின் பர்தா இரண்டு போய்விட்டது. ஈரமாகவே மடித்து வைத்தது பிழை என்று இப்போது தெரிகிறது. இப்போது வீட்டுக்குள் கொடி கட்டி, மின்விசிறிக்குக் கீழே கைக்குக் கை இடம் விட்டுப் போடுகிறேன். வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருக்கோவில் கரை

கொலர் என்று ரீச்சர் எழுதியதில் இருந்து எனக்கு வேறொன்றும் ஓடவில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். எங்களிடம் உடுத்திருந்தது மட்டும். லொறி லொறியாக உடுப்பு வந்தது. தந்தவர்களைக் குறை சொல்லவில்லை, அந்த நேரத்தில் அது இல்லாவிட்டால் நிர்வாணம். ஆனால் அதில் கம்பளிக் கோட்டும் இருந்தது, பனிக்குப் போடுகிற காலுறையும் இருந்தது. எங்கள் வெயிலுக்கு அதை யார் போடுவது? மீந்தது மதிலோரம் குவிந்தது. தை மாத மழை இரண்டு தரம் பெய்ததும் ஊறி, மணத்து, கறுத்துப் போனது. கடைசியில் எரித்தார்கள். பொலியெஸ்டர் எரிகிற மணம் மூன்று நாள் வகுப்பறைக்குள் நின்றது.

எரிப்பதற்கு முன் அம்மா போய்ப் பிரித்தெடுத்தார். வீடு போய், எங்கள் மாமா போய், எட்டு நாளாக ஒரு சொல்லும் பேசாமல் இருந்தவர். குவியலில் இருந்து ஒரு ஆண்பிள்ளைச் சேட்டை இழுத்தார். உதறினார். கொலரைத் திருப்பிப் பார்த்தார். “கொலர்தான் தேஞ்சிருக்கு. கழட்டித் திருப்பித் தைச்சா இன்னும் ரெண்டு வருசம் போகும்” என்றார். அதுதான் எட்டு நாளைக்குப் பிறகு அவர் பேசியது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.

அன்றைக்குப் பத்துப் பன்னிரண்டு பருத்தி உடுப்பு எடுத்தோம். அம்மா எல்லாவற்றையும் கொதிதண்ணீரில் அவித்து, கொலர் திருப்பித் தைத்தார். தைக்க முடியாததில் இருந்து பொத்தானைக் கழற்றி மா டின்னில் போட்டார். மிஞ்சிய துணி தலையணை உறையானது. ஒரு பருத்தி ரீசேட்டுக்குப் பருத்தி விளைவதில் இருந்து கணக்கிட்டால் 2,700 லீற்றர் தண்ணீர் வேண்டும் என்று பிறகு எங்கோ வாசித்தபோது அந்த மதிலோரக் குவியல்தான் கண்ணுக்குள் வந்தது.

மா டின் இன்னும் இருக்கிறது. போன கிழமை என் பேரனின் சேட்டுக்கு அதில் இருந்துதான் பொத்தான் எடுத்தேன்.

களுவாஞ்சிகுடி மெஷின் திருத்துபவர்

படுவான்கரைத் தம்பி, நான் எழுதியது பிழை. மன்னிக்க வேணும். அந்த நூல் உருவித் தைக்கிற முறையை எனக்கு விளங்கப்படுத்த முடியுமா? என் மனைவி கேட்கிறார்.

மருதமுனைத் தறிவீடு

அண்ணன், உங்கள் அம்மம்மாவின் சாரி சாயம் விடாததற்கு உப்பு காரணமில்லை. ஏற்கெனவே நல்லாகப் பிடித்த சாயம் அது, வெறும் தண்ணீரில் அலசியிருந்தாலும் விட்டிருக்காது. நம்பாவிட்டால் புதுச் சாறனில் ஒரு முனையை உப்புத் தண்ணீரிலும் மற்ற முனையை வெறும் தண்ணீரிலும் நனைத்து, இரண்டையும் வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள்.

ஓட்டமாவடி உம்மாவுக்கு: புள்ளி ஆழமாகப் போயிருந்தால் நிறத் துணியில் அதை எடுப்பது கஷ்டம். புதிதாகப் பிடித்தது என்றால் முதலில் வெயிலில் நன்றாகக் காய வைத்து, காய்ந்த பூஞ்சணத்தை வீட்டுக்கு வெளியே வைத்துத் தூரிகையால் தட்டி எடுங்கள். பிறகு தோயுங்கள். ஈரத்தோடு தேய்த்தால் பரவும்.

கல்லடி ரீச்சர்

எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசித்தேன். திருக்கோவில் அம்மாவின் சேட்டை நினைத்துக்கொண்டு இந்தக் கொலரை உற்றுப் பார்த்தேன். காவி ஒரு பக்கம்தான், மறுபக்கம் சுத்தம். எங்கள் சந்தியில் தைக்கிற அண்ணனிடம் கேட்டேன், “கொண்டு வாங்க ரீச்சர், திருப்பித் தைக்கலாம்” என்றார்.

அதற்கு முதல் இன்னொரு தரம் தேசிக்காய் தடவிக் கொடியில் போட்டிருக்கிறேன். கச்சான் காற்று, வெயிலும் நல்லா இருக்கு. பின்னேரம் எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.