வென்டிலேற்றர் 'வீனிங்' - 'விலக்கல்' வேண்டாம், 'துணைக்குறைப்பு' என்று வைப்போமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தாதிய மாணவர்களுக்கான அதிதீவிர சிகிச்சை மீட்டல் குறிப்பில் 'வீனிங்'குக்கு, அதாவது வென்டிலேற்றர் என்ற செயற்கைச் சுவாச இயந்திரத்தின் உதவியைப் படிப்படியாகக் குறைப்பதற்கு, உரிய தமிழ்ச்சொல்லின் இடம் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது. மூன்று முன்மொழிவுகள் வந்திருக்கின்றன.

> "கருவி விலக்கல்" என்று போட்டால் என்ன? சுருக்கமாகவும் இருக்கிறது, உடனே விளங்கவும் செய்கிறது.

உடனே விளங்குகிறது, ஆனால் வேறொன்றாக விளங்குகிறது. ஐ.சி.யூ.வில் மூன்று தனித்தனி விடயங்கள் இருக்கின்றன. வென்டிலேற்றர் கொடுக்கும் உதவியைக் குறைத்து, மூச்சுவிடும் வேலையை நோயாளியிடமே திருப்பிக் கொடுப்பது ஒன்று. தொண்டைக்குள் இருக்கும் குழாயை எடுப்பது இன்னொன்று. இனிப் பயனில்லை என்ற நிலையில், குடும்பத்தோடு பேசி, உயிர்காப்பு உதவியையே நிறுத்துவது மூன்றாவது. 'விலக்கல்' இந்த மூன்றாவதற்குத்தான் பொருந்தும். அதை முதலாவதற்குக் கொடுத்துவிட்டால், மாணவி வெளியே வந்து "அப்பாவுக்கு இண்டைக்கு மெசினை விலக்கத் தொடங்குறம்" என்று சொல்ல, வாங்கில் இருக்கும் மகள் என்ன நினைப்பாள்? ஏற்கெனவே "மிஸ், மெசினைக் கழட்டப் போறியளோ?" என்று பயந்துகொண்டுதான் கேட்கிறார்கள்.

முதலாவதும் இரண்டாவதும்கூட ஒன்றல்ல. மாணவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஒருவர் உதவியில்லாமல் நன்றாக மூச்சுவிடுவார், ஆனால் சளியை இருமி வெளியேற்ற வலு இருக்காது, அல்லது நினைவு தெளிந்திருக்காது. அப்படியென்றால் குழாய் அங்கேயேதான் இருக்க வேண்டும். கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தவர் வென்டிலேற்றரிலிருந்து முழுதாக விடுபட்ட பிறகும் அந்தக் குழாயோடு சாதாரண விடுதிக்குப் போவதுண்டு. ஆகவே குழாயை எடுப்பதற்கு 'குழாய் அகற்றல்' என்று தனியாக வைத்துக்கொள்வோம். அதில் யாருக்கும் சண்டை இருக்காது.

> பால் மறப்பித்தல் போல "மறப்பித்தல்". ஆங்கிலத்திலும் அதே உவமைதானே.

அழகான சொல். எனக்கும் ஆசைதான். ஆனால் பால்குடி மறக்கும் பிள்ளைக்கு இருப்பது பழக்கம், அதை வேப்பெண்ணெய் பூசியும் நிறுத்தலாம். வென்டிலேற்றரில் இருப்பவருக்கு இருப்பது இயலாமை. இயந்திரமே வேலை முழுவதையும் செய்துகொண்டிருந்தால் சில நாட்களிலேயே மூச்சை இழுக்கும் தசையான பிரிமென்றகடு மெலியத் தொடங்கிவிடும். நியூமோனியாவோ இதயப் பலவீனமோ, அவரை இயந்திரத்தில் போட்ட காரணமும் தீர்ந்திருக்க வேண்டும். 'மறப்பித்தல்' என்று படித்த பிள்ளை, நோயாளி திணறும்போது "பழகிவிடுவார்" என்று பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.

> "வீனிங்" என்றே விட்டுவிடுங்கள். மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீனே 'கெமிஸ்ட்ரி'யைக் "கெமிஸ்தம்" என்று எழுதவில்லையா?

எழுதினார், 1875இல். ஆனால் அதே கிறீனின் அறுவை மருத்துவ நூல் 1867இல் 'இரண வைத்தியம்' என்ற பெயரில்தான் வந்தது. தமிழில் சொல்ல முடிந்ததைத் தமிழில் சொன்னார், முடியாததற்குத் தமிழ் வால் ஒட்டினார். நமக்கு இங்கே சொல்ல முடிகிறது. தவிர, 'வீனிங்' வேகமாகச் சொன்னால் 'வீண்' என்றுதான் காதில் விழுகிறது!

என் முன்மொழிவு: 'மூச்சுத்துணைக்குறைப்பு', நடைமுறையில் சுருக்கமாக 'துணைக்குறைப்பு'. (நடுவில் 'க்' மிகுமா மிகாதா என்பதை இலக்கணம் தெரிந்தவர்கள் தீர்த்துவையுங்கள்.) என்ன குறைகிறது என்பது சொல்லிலேயே இருக்கிறது. குழாயைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை, அதுவும் நல்லதே. கிளைச்சொற்களும் ஒழுங்காக உட்காருகின்றன. 2007இல் வந்த சர்வதேச இணக்க அறிக்கையின் மூன்று வகைகளைப் போட்டுப் பாருங்கள். நோயாளியைத் தானாக மூச்சுவிடவிட்டுப் பார்க்கும் முதல் சோதனையிலேயே தேறினால் எளிய துணைக்குறைப்பு, மூன்று சோதனைகள் வரையோ முதல் சோதனையிலிருந்து 7 நாட்கள் வரையோ போனால் கடினமான துணைக்குறைப்பு, அதையும் தாண்டினால் நீடித்த துணைக்குறைப்பு. 'நீடித்த விலக்கல்' என்று சொல்லிப் பாருங்கள், வாயில் நிற்காது.

அந்தச் சோதனைக்கும் பெயர் வேண்டும். 'தன்னிச்சைச் சுவாசச் சோதனை' என்று ஒரு குறிப்பில் பார்த்தேன். தூங்குகிறவரும் மூச்சுவிடுகிறார், அதில் இச்சை எங்கே வந்தது? 'தற்சுவாசச் சோதனை' போதும். ரி-பீஸிலோ (இயந்திர உதவியில்லாத ரி வடிவக் குழாய்) மிகக் குறைந்த அழுத்த உதவியிலோ 30 முதல் 120 நிமிடம் விட்டுப் பார்ப்பது.

குறிப்பில் இந்த இடத்தை எண்களோடு எழுத வேண்டும். நிமிடச் சுவாச எண்ணிக்கையை, ஒரு மூச்சின் கனவளவால் லீற்றரில் வகுக்கச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 36 மூச்சு, ஒவ்வொன்றும் 300 மில்லிலீற்றர் என்றால் 120. யாங், டோபின் இருவரும் 1991இல் வெளியிட்ட ஆய்வின் எல்லை 105, அதற்கு மேல் போனால் தோல்விக்கு வாய்ப்பு அதிகம். 20 மூச்சு, 400 மில்லிலீற்றர் என்றால் 50, நிம்மதி. ஆனால் மொனிட்டர் கத்துவதற்கு முன்பே நெற்றி வியர்க்கும், மூக்குத்துவாரம் விரியும், காறையெலும்புக்கு மேலே குழி விழும், கண் நம்மைத் தேடும். கட்டிலருகில் நிற்கும் தாதிதான் அதை முதலில் காண்பவர். சுவாச எண்ணிக்கை 35ஐத் தாண்டி நின்றாலோ, ஒட்சிசன் செறிவு 90 வீதத்துக்குக் கீழே இறங்கினாலோ சோதனையை நிறுத்தி, பழைய அளவு துணையைத் திருப்பிக் கொடுத்து, வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். "துணையைத் திருப்பிக் கொடுத்தோம்" என்று இயல்பாக எழுத வருகிறதல்லவா? 'விலக்கலை நிறுத்தினோம்' என்றால் ஒருதரம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

'மூச்சு'க்குப் பதில் 'சுவாசம்' வேண்டுமென்பவர்கள் 'சுவாசத்துணைக்குறைப்பு' என்று எழுதினாலும் எனக்குச் சம்மதம். பள்ளிக்கூடத்தில் படித்த சொல் அதுதான். வெளியே வாங்கில் இருப்பவர்களுக்கு விளங்கும் என்பதற்காகத்தான் 'மூச்சு' என்றேன்.

மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். இல்லையென்றால் குறிப்பில் ஏற்றிவிடுகிறேன். அடுத்து 'டெலிரியம்', நோயின்போது திடீரென வரும் மனக்குழப்பம். 'பிதற்றல்' என்று யாரும் எழுதிவிடாதீர்கள், சத்தமே இல்லாமல் சுருண்டு படுத்திருக்கும் வகைதான் அதிகம் தவறவிடப்படுகிறது.