கோடை விடுமுறைக்கு முன் ஒதுக்கீட்டு மசோதாக்கள்: எங்கள் காங்கிரஸ் உறுப்பினர் "பெற்றுத் தந்த" பணம் எங்கே?

ராரிடன்கரை:

வணக்கம். நியூஜெர்சியில் ஒரு சின்ன டவுன்ஷிப்பில் இருக்கிறோம். போன வருடம் முதல் ஊரின் தண்ணீர் ஆலோசனைக் குழுவில் இருக்கிறேன். பழைய தெருக்களில் வீடுகளுக்குள் போகும் இணைப்புக் குழாய்கள் பல இன்னும் ஈயத்தில்தான் இருக்கின்றன. மாற்றுவதற்கு மத்திய அரசு உதவி கேட்டு வசந்த காலத்தில் எங்கள் காங்கிரஸ் உறுப்பினரிடம் விண்ணப்பித்தோம்.

போன வாரம் அவர் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. கோடை விடுமுறைக்கு முன் ஒதுக்கீட்டு மசோதாக்களில் (அரசின் ஆண்டுச் செலவுக்குப் பணம் ஒதுக்குபவை) கடுமையாக உழைத்ததாகவும், எங்கள் குழாய்களுக்கு 12 லட்சம் டாலர் பெற்றுத் தந்ததாகவும் எழுதியிருக்கிறார். குழுவில் எல்லோருக்கும் சந்தோஷம். செப்டம்பரிலேயே ஒப்பந்தக்காரரை முடிவு செய்யலாம் என்று ஒருவர் சொல்கிறார். ஆனால் அதே மின்னஞ்சலின் அடியில் "மசோதா குழுவில் நிறைவேறியது" என்று ஒரு வரி இருக்கிறது. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

பணம் வந்துவிட்டதா? ஜூலையில் அவர் உண்மையில் என்ன வேலை செய்திருப்பார்? ஆகஸ்டில் ஊருக்கு வருகிறார். என்ன கேட்க வேண்டும்?

நீலவானம்:

பணம் வரவில்லை. தயவுசெய்து யாரும் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

2019 முதல் 2025 வரை பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஒதுக்கீடு என் பொறுப்பு. உங்களுக்கு வந்தது போன்ற மின்னஞ்சல்களை நானே எழுதியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அமெரிக்க நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்குகிறது. அதற்குள் 12 ஒதுக்கீட்டு மசோதாக்கள் சட்டமாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு துணைக்குழு உண்டு. உங்கள் குழாய், உள்துறை மற்றும் சுற்றுச்சூழல் மசோதாவில் வரும். (நம் ஊர்ப் பழக்கத்தில் உள்துறை என்றால் போலீஸ் ஞாபகம் வரும். இங்கே அது காடு, நிலம், பூங்காக்கள்.) துணைக்குழு, முழுக்குழு, சபை, பிறகு செனட், இரண்டு சபைகளும் ஒரே வாசகத்துக்கு வருவது, கடைசியில் அதிபர் கையெழுத்து. உங்கள் உறுப்பினர் சொல்வது இதில் இரண்டாவது படி.

அவர் பொய் சொல்லவில்லை. இரண்டாவது படிக்கு வருவதே பெரிய வேலை. தொகுதித் திட்டங்களுக்குத் தனியாகப் பணம் கேட்கும் முறையை 2011இல் நிறுத்தி, 2021இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். நான் அந்த வேலையைப் பார்த்தபோது ஓர் உறுப்பினர் 15 திட்டங்கள் வரை கேட்கலாம். எங்களுக்கு அறுபதுக்கு மேல் விண்ணப்பங்கள் வரும். ஒவ்வொரு ஊருக்கும் போன் போட்டு, வரைபடம் இருக்கிறதா, உள்ளூர்ப் பங்கு இருக்கிறதா, மேயர் மாறினால் திட்டம் நிற்குமா என்று கேட்போம். தனக்கோ தன் குடும்பத்துக்கோ இதில் பண ஆதாயம் இல்லை என்று உறுப்பினர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கேட்டதையெல்லாம் இணையதளத்தில் போட வேண்டும். ஆக, உங்கள் ஊர் தேர்வானதே வசந்த காலத்தில்தான். ஜூலையில் அது மசோதாவின் அட்டவணையில் ஒரு வரியாக ஏறியிருக்கிறது, அவ்வளவே.

ஜூலையில் என்ன நடக்கும்? எங்கள் அறை லாங்வொர்த் கட்டடத்தில். வாக்கெடுப்பு மணி அடித்ததும் உறுப்பினர் சுரங்கப் பாதை வழியாகச் சபைக்கு நடப்பார். முதல் வாக்கெடுப்புக்கு 15 நிமிடம், அடுத்தடுத்து வருபவை இரண்டே நிமிடத்திலும் முடியும். ஒரே மாலையில் இருபது, முப்பது திருத்தங்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிக் குறிப்பும் எங்கள் பரிந்துரையும் எழுதிய தாளை அவர் கையில் கொடுத்து, கூடவே நடந்துகொண்டே விளக்குவேன்.

வெளியே தெரியாத வேலைகளும் உண்டு. ஒரு கணக்கில் ஒரு டாலரைக் குறைத்து அதே கணக்கில் அதே டாலரைக் கூட்டும் திருத்தங்களைப் பார்த்திருக்கிறீர்களா? தொகை மாறாது. ஆனால் அதைக் கொண்டுவந்தவருக்குச் சபையில் பேசச் சில நிமிடம் கிடைக்கும், அந்தப் பேச்சு சபைக் குறிப்பில் ஏறும். பணம் எதற்காக என்று காங்கிரஸ் நினைத்தது என்பதற்கு அது ஒரு சாட்சி. மசோதாவோடு வரும் குழு அறிக்கையும் அப்படித்தான். சின்ன ஊர்களுக்கு விண்ணப்பம் எழுத உதவுவது பற்றி 180 நாளில் அறிக்கை தர வேண்டும் என்று ஒரு துறையைப் பணிக்கும் வாக்கியம் ஒன்றை நான் எழுதினேன். அந்த ஒற்றை வாக்கியத்துக்காகத் துணைக்குழு ஊழியர்களை எத்தனையோ முறை போய்ப் பார்த்தேன். அது அறிக்கையில் அச்சான காலைதான் அந்த ஆறு வருடத்தில் எனக்கு மிகவும் நிறைவான நாள்.

இப்போது 2024இல் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அந்த வருடம் 12 மசோதாக்களில் ஐந்தைத்தான் சபை கோடை விடுமுறைக்கு முன் நிறைவேற்றியது. ஜூலை 11 அன்று காங்கிரஸின் சொந்தச் செலவுக்கான மசோதாவே தோற்றது. வேறு சில மசோதாக்களை வாக்கெடுப்புக்கே எடுக்காமல், திட்டமிட்டதற்கு ஒரு வாரம் முன்பே சபை விடுமுறைக்குப் போனது. சுற்றுச்சூழல் மசோதா அந்த ஐந்தில் ஒன்று. அதில் எங்கள் தொகுதியின் ஒரு ஊருக்குக் கழிவுநீர் நிலையப் பணம் இருந்தது. ஜூலைக் கடைசியில் "பெற்றுத் தந்தோம்" என்று நான்தான் எழுதி அனுப்பினேன். பிறகு டிசம்பர் 20 வரை ஒரு தற்காலிகத் தொடர் தீர்மானம் (மசோதாக்கள் முடியாதபோது பழைய அளவிலேயே செலவைத் தொடர விடுவது), மார்ச் 14 வரை இன்னொன்று. 2025 மார்ச்சில் வருடம் முழுமைக்கும் ஒரே தொடர் தீர்மானமாக முடித்துவிட்டார்கள். அதில் தொகுதித் திட்டம் ஒன்றுகூட இல்லை, நாடு முழுவதும். அந்த ஊர் மேயர் போன் செய்து, "நீங்கள் எழுதியதை நம்பி வடிவமைப்புக்குச் செலவு செய்துவிட்டோம்" என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்தச் சொல்லை நான் எழுதியிருக்கக் கூடாது.

அணைக்கட்டு:

நீலவானம் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் நகராட்சிக் குடிநீர்ப் பொறியாளர், இப்படி இரண்டு மானியங்களை முடித்திருக்கிறேன். சட்டமான பிறகும் பணம் தானாக வராது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்குத் தனியாக விண்ணப்பம், சுற்றுச்சூழல் ஆய்வு, அமெரிக்கத் தயாரிப்பு இரும்பும் குழாயும்தான் என்ற நிபந்தனை எல்லாம் உண்டு. மானியம் கைக்கு வருமுன் தோண்ட ஆரம்பித்தால் அந்தச் செலவு திரும்பக் கிடைக்காமல் போகலாம். பொதுவாக 20 சதவீதம் உள்ளூர்ப் பங்கு. 12 லட்சம் மத்தியப் பங்கு என்றால் உங்கள் ஊர் 3 லட்சம் போட வேண்டும். பட்ஜெட்டில் இருக்கிறதா?

ஈயக் குழாய்க்கு இன்னொரு வழியும் உண்டு, இதற்காகக் காத்திருக்க வேண்டாம். 2021 உள்கட்டமைப்புச் சட்டம் ஈய இணைப்புகளை மாற்ற மட்டும் 1,500 கோடி டாலர் ஒதுக்கி, மாநிலச் சுழல்நிதிகள் (பெரும்பாலும் கடனாகக் கொடுத்து, திரும்பி வருவதை மறுபடி கொடுக்கும் நிதிகள்) வழியே கொடுத்தது. நியூஜெர்சியின் 2021 சட்டப்படி ஈய இணைப்புகளைப் பத்து வருடத்தில் மாற்றியே ஆக வேண்டும். மாநில அலுவலகத்திடம் இப்போதே பேசுங்கள்.

மல்லிப்பந்தல்:

எனக்கு ஒரு மறுப்பு உண்டு. பாதி மசோதா கொள்கை நிபந்தனைகளாக இருக்கிறது, இந்த விதிக்குப் பணம் கிடையாது, அந்த ஆணைக்குப் பணம் கிடையாது என்று. செனட்டில் 60 வாக்கு இல்லாமல் அவை நகராது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே ஜூலை முழுவதும் அதில் செலவிடுவதை உழைப்பு என்று எப்படிச் சொல்வது? எல்லா ஒதுக்கீட்டு மசோதாக்களும் நேரத்தில் முடிந்தது கடைசியாக 1997 நிதியாண்டுக்குத்தான். 2025இல் ஒதுக்கீடு நேரத்தில் முடியாமல் அரசு 43 நாள் முடங்கியது. சம்பளம் இல்லாமல் வேலைக்குப் போனவர்களில் என் கணவரும் ஒருவர்.

நீலவானம்:

உங்கள் வீட்டில் நடந்ததைப் படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. அந்தக் கோபம் நியாயமானது, நீங்கள் சொல்லும் நிபந்தனைகளில் பலவும் வீண்தான் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த மசோதா முழுவதையும் வீண் என்று என்னால் சொல்ல முடியாது. இலையுதிர் காலத்தில் இரண்டு சபைகளும் உட்கார்ந்து பேசும்போது கையில் இருப்பது ஜூலையில் எழுதிய வாசகம்தான். ஜூலையில் ஏறாத திட்டத்தை டிசம்பரில் ஏற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். அதே சமயம் 2024இல் சபையின் மசோதா சுற்றுச்சூழல் முகமையின் பணத்தை ஐந்தில் ஒரு பங்கு வெட்டியது. ஊர்க்குழாய்க்கு ஒரு வரி கொடுத்துவிட்டு, அந்தக் குழாயைச் சரிபார்க்கும் முகமையை ஒடுக்கும் மசோதாவாகவும் அது இருக்கலாம். ஓர் உறுப்பினர் முதலாவதைப் பற்றி மட்டும் மின்னஞ்சல் எழுதினால் இரண்டாவதைக் கேட்பது நம் வேலை.

ராரிடன்கரை, ஆகஸ்டில் கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். "நன்றி" என்று தொடங்குங்கள், மனதாரச் சொல்லுங்கள், ஏனென்றால் அந்த வரி சும்மா வரவில்லை. அப்புறம் கேளுங்கள்: செனட்டின் மசோதாவிலும் எங்கள் திட்டம் இருக்கிறதா? நியூஜெர்சியின் இரண்டு செனட்டர்களில் யாராவது கேட்டிருக்கிறார்களா? இரண்டு பக்கமும் இருந்தால் கடைசிப் பேச்சில் தாக்குப்பிடிக்கும் வாய்ப்பு அதிகம். செப்டம்பர் 30க்குள் முடியாவிட்டால் எந்த மாதிரித் தொடர் தீர்மானத்துக்கு வாக்களிப்பீர்கள், வருடம் முழுமைக்கும் என்றால் எங்கள் திட்டம் போய்விடுமே, அதை எதிர்ப்பீர்களா? இந்தக் கேள்விக்குப் பொதுவான பதில் சொல்லித் தப்ப முடியாது. உறுப்பினரோடு நிற்கும் ஊழியரின் பெயரையும் நேரடி எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். அக்டோபரில் உங்களுக்குப் பதில் சொல்லப்போவது அவர்தான்.

ராரிடன்கரை:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவுக் கூட்டத்தில் இதை அப்படியே வாசித்தேன். ஒப்பந்தப் பேச்சைத் தள்ளி வைத்துவிட்டார்கள். 3 லட்சத்தைப் பற்றிக் கேட்டபோது பட்ஜெட்டில் இல்லை என்று தெரிந்தது, அது தனிக் கவலை. திங்களன்று மாநில அலுவலகத்தில் சுழல்நிதி பற்றிப் பேச நேரம் வாங்கியிருக்கிறேன். உறுப்பினரின் கூட்டம் ஆகஸ்டின் இரண்டாவது வாரத்தில், எங்கள் நூலகத்தில். மூன்று கேள்விகளையும் ஒரு அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். என்ன சொன்னார் என்று வந்து எழுதுகிறேன்.