மறு: ‘கோச்சிங்’ – பயிற்சியா, வழிகாட்டலா, வேறொன்றா?

நண்பர்களே,

இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பள்ளித் தலைமை பற்றிய கையேட்டுக்காக ‘கோச்’, ‘கோச்சிங்’ இரண்டுக்கும் தமிழ்ச் சொல் தேடுகிறோம் என்பதை நடுவில் கொஞ்சம் மறந்துவிட்டோமோ என்று படுகிறது.

> ‘பயிற்றுநர்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே. புதுச்சொல் எதற்கு?

விளையாட்டுக்கு அது போதும். பள்ளிக்கு வந்தால் இடிக்கிறது. பயிற்சி என்றாலே தெரிந்தவர் சொல்வார், தெரியாதவர் கேட்டுக்கொள்வார். இங்கே பேச வேண்டியவர் ஆசிரியர்; கேட்க வேண்டியவர் தலைமை ஆசிரியர். ‘கேட்க’ என்பதை இரண்டு பொருளிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் வகுப்பெடுத்த காலத்தில் ஒரு தலைமை ஆசிரியர் பின் வரிசையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார். மணியடித்ததும் ஏழு அறிவுரை சொன்னார். ஒன்றுகூட இப்போது நினைவில்லை. அவருக்குப் பின் வந்த அம்மா என்னிடம் கொடுத்தது ஒரு துண்டுத்தாள். அதில் வெறும் எண்கள்: 1, 1, 2, 1, 1. “நீங்க ஒவ்வொரு கேள்வி கேட்டதுக்கு அப்புறமும் பதிலுக்கு எத்தனை நொடி விட்டீங்கன்னு குறிச்சேன். பார்த்தா என்ன தோணுது?” என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். நான் வாய் திறக்கும்வரை அவர் பேசவே இல்லை. பதிலை மாணவர்களிடமிருந்து நானே பிடுங்கிக்கொள்கிறேன் என்பதை என் வாயாலேயே சொன்னேன். “சரி, நாளைக்கு என்ன செய்து பார்க்கலாம்?” என்பது மட்டும்தான் அவருடைய அடுத்த கேள்வி.

ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடியாக்கினால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது என்று 1970களிலேயே அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ எழுதியிருக்கிறார். இதை அந்த அம்மா எனக்கு விரிவுரையாகவே நடத்தியிருக்கலாம். நடத்தவில்லை. வகுப்பில் நான் செய்யத் தவறியதை அவர் என்னிடம் செய்துகாட்டினார், அவ்வளவுதான். இந்த வேலைக்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும்.

> என் ஓட்டு ‘துலக்குநர்’. துலங்கு – துலக்கு, விளங்கு – விளக்கு மாதிரி.

சொல்லாக்கம் அழகு, மறுக்கவில்லை. உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவருவது என்ற பொருளும் கிடைக்கிறது. ஆனால் ‘துலக்கு’ என்றதும் காதில் விழுவது ‘துப்புத் துலக்குதல்’. தலைமை ஆசிரியர் வகுப்புக்குள் நுழைந்தாலே குற்றம் கண்டுபிடிக்க வந்தார் என்று நினைக்கிற ஆசிரியரிடம் ‘நான் உங்கள் துலக்குநர்’ என்று சொல்லிப் பாருங்கள்! (‘தூண்டுநர்’ வேண்டவே வேண்டாம். அது குற்றவியலுக்குப் போய்ப் பல காலம் ஆகிறது.)

‘வழிகாட்டி’யை மென்டருக்கு விட்டுவிடுவோம். அவர் அந்தப் பாதையில் முன்பே போனவர், முன்னால் நடப்பவர். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே வரும் பாணனுக்கு வழி சொல்லும் ஆற்றுப்படையும் அந்த வகைதான்.

என் பரிந்துரை ‘வழித்துணை’. பழைய சொல், யாருக்கும் விளக்க வேண்டாம். போகிற இடத்தை முடிவு செய்பவர் பயணி. துணைக்கு வருபவர் பக்கத்தில் நடக்கிறார். ஆங்கிலச் சொல்லும் பயணத்திலிருந்து வந்ததுதான். ஹங்கேரியில் கோச் என்ற ஊரில் செய்த வண்டியின் பெயர், 1830களில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் பேச்சில் தேர்வைத் தாண்டவைக்கும் தனி ஆசிரியரைக் குறித்தது. அந்த வகையில் நம் ‘கோச்சிங் சென்டர்’தான் மூலத்துக்கு நெருக்கம் போல! வண்டி நம்மைத் தூக்கிக்கொண்டு போகும், வழித்துணை தூக்காது. இந்த வேறுபாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

> வழித்துணை என்றால் பக்திப் பாடல் வாசனை அடிக்காதா?

கொஞ்சம் அடிக்கும். புழங்கப் புழங்கப் போய்விடும்.

இன்னொன்று. ‘சக ஆசிரியர் பின்னூட்டம்’ என்பதையே ‘கோச்சிங்’குக்கு இணையாக வைக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். கவனம் தேவை. பயிலரங்கில் கேட்டது வகுப்பறைக்குப் போய்ச் சேர, கூட ஒரு ஆள் வேண்டும் என்று 1980களில் வலியுறுத்தியவர்கள் கல்வி ஆய்வாளர்களான ப்ரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும். அவர்களே 1996இல் வாய்மொழிப் பின்னூட்டத்தைச் சக ஆசிரியர் கோச்சிங்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். கருத்துச் சொல்லத் தொடங்கியதும் சகாக்கள் மேற்பார்வையாளர்களாக மாறிவிட்டார்களாம். தலைமை ஆசிரியருக்கு இது இன்னும் சிக்கல். ஆண்டு மதிப்பீட்டில் கையெழுத்துப் போடுவதும் அவர்தானே. அதனால் கையேட்டில் ‘மதிப்பீடு’, ‘வழித்துணை’ இரண்டையும் தனித்தனி உள்ளீடாக வைத்து, ஒன்றுக்கு மற்றது மாற்று இல்லை என்று ஒரு வரி சேர்க்கச் சொல்வேன்.

ஆக, ஆளுக்கு வழித்துணையர், பண்புக்கு வழித்துணை மனப்பாங்கு. சக ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் செய்வதற்கு இணைவழித்துணை.

வினைதான் உதைக்கிறது. ‘வழித்துணை செய்தார்’ ஒட்டவில்லை, ‘வழித்துணையானார்’ ஒரே தடவை நடந்து முடிந்தது போல் இருக்கிறது. ‘துணைநடந்தார்’ என்று எழுதிப் பார்த்தேன்; வீட்டில் படித்துக் காட்டியதும் சிரித்தார்கள். வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்