புதுப்பிப்பு: பால்காரர் மேல் பாயும் எங்கள் சிப்பிப்பாறை நாய்

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: வீடு மன்னார்குடி பக்கம். பால்காரர் வாசலுக்கு வந்தாலே எங்கள் சிப்பிப்பாறை உறுமிக்கொண்டு பாய்கிறது, கடிப்பதற்குள் என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன்.

பலன் தந்தது, தூரத்தில் வைத்தே பழக்கச் சொன்னவரின் யோசனைதான். தெருமுனையில் பால்காரரின் சைக்கிள் மணி கேட்டதும், அது காதை விறைக்கும் முன்பே அவித்த முட்டைத் துண்டு. அவர் போனதும் முட்டை நிற்கும். உறுமினால் அதட்டாமல் இன்னும் தள்ளிப் போவோம். உறுமலை அடக்கினால் எச்சரிக்காமலே கடிக்குமாம். பகலெல்லாம் சங்கிலியில் கட்டுவதையும் விட்டு, கொல்லைக்கு வேலி போட்டு அவிழ்த்துவிட்டோம். இப்போது மணி கேட்டால் என் கையைத்தான் பார்க்கிறது!

எதிர்பாராதது ஒன்று. தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது கால்நடை டாக்டர் காதுக்குள் புண்ணைக் கண்டுபிடித்தார். வலியாலும் நாய் கடிக்க வரும் என்றார். மருந்து போட்டபின் தலையைத் தொட விடுகிறது. அதனால் முதலில் டாக்டர், அப்புறம் பயிற்சி.

அப்படியும் யாருக்காவது பல் பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம். புது ஆட்கள் வந்தால் இன்னும் வாரில்தான் பிடித்துக்கொள்கிறோம்.