முதுகில் பவுடர் தேய்ப்பதை விட்ட கதை: எல்லையோரத்து அனுபவங்கள்

களியக்காவிளை சிஸ்டர்:

படுக்கையில் விழுந்தவர்கள் இருக்கும் வீட்டுக்குள் நுழைந்தால் கட்டில் பக்கத்தில் ரெண்டு பொருள் கட்டாயம் இருக்கும். படுக்கைப்புண் வராமல் தடுக்க என்று ஒரு பாட்டில் சர்ஜிக்கல் ஸ்பிரிட், ஒரு டப்பா பவுடர். காலையில் உடம்பு துடைத்ததும் முதுகில் ஸ்பிரிட் தடவி, வால் எலும்பு வரைக்கும் நன்றாகத் தேய்த்து, மேலே பவுடரைக் கொட்டுவார்கள். சிவந்து தெரியும் இடத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பார்கள், ரத்த ஓட்டம் வரட்டும் என்று. இது யாரும் தானாகக் கண்டுபிடித்த வைத்தியம் இல்லை. ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. 'பேக் கேர்' என்று நர்சிங் பள்ளியில் இதற்குச் செய்முறைத் தேர்வே வைத்தார்கள்.

ஆனால் இங்கிலாந்தில் டோரின் நார்ட்டன் என்கிற நர்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் முதியோர் வார்டுகளில் செய்த ஆய்வு 1962-லேயே வந்துவிட்டது. தோலில் எதைத் தடவினாலும் பெரிய பலன் இல்லை, ஆளை நேரத்துக்கு நேரம் திருப்பிப் படுக்கவைத்து அழுத்தத்தை எடுப்பதுதான் புண்ணைத் தடுக்கிறது என்பது அதன் சாரம். யாருக்குப் புண் வரும் ஆபத்து அதிகம் என்று மதிப்பெண் போட்டுப் பார்க்கும் நார்ட்டன் ஸ்கேலை நர்சிங் படிப்பில் மனப்பாடம் செய்தோமே, அது அங்கிருந்து வந்ததுதான். ஸ்கேலைப் பாடத்தில் சேர்த்தோம், கண்டுபிடிப்பை விட்டுவிட்டோம்! 2014-இல் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்கள் வெளியிடும் நைஸ் அமைப்பு தன் வழிகாட்டுதலில் படுக்கைப்புண்ணைத் தடுக்கத் தோலைத் தேய்க்க வேண்டாம் என்றே எழுதிவிட்டது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் நசுங்கி ஏற்கெனவே கெட்டுக்கொண்டிருக்கும் சதையைத் தேய்த்தால் உள்ளே இன்னும் பிய்யும். ஸ்பிரிட் தோலை வறளவைக்கும், அவ்வளவுதான்.

நான் வேலை பார்ப்பது கேரளப் பக்கம். 2008-இல் அங்கே பாலியேட்டிவ் (நோய்த்தணிப்புப் பராமரிப்பு) கொள்கை வந்தபின், பஞ்சாயத்து வழியாக நர்ஸ் வீடு தேடிப் போகும் ஏற்பாடு நன்றாக ஊன்றிவிட்டது. வெள்ளறடைப் பக்கம் ஒரு பாட்டாவைப் பார்க்கப் போவேன். ரப்பர் வெட்டிப் பிழைத்தவர், பக்கவாதத்தில் வலது பக்கம் போய்விட்டது. மகள்தான் எல்லாம். முதுகைக் காட்டச் சொன்னால், "செவப்பு ஒண்ணும் இல்ல சிஸ்டர், நல்லா தேச்சு விடுதேன்" என்றாள். நல்ல கறுத்த மேனி, சிவப்பு எங்கே தெரியும்? எங்கள் புத்தகத்துப் படமெல்லாம் வெள்ளைத் தோல். விரலால் அழுத்தினால் வெளுக்கிறதா என்று பார் என்று அதில் இருக்கும். நம் தோலில் அதைக் கண்ணால் பிடிப்பது சிரமம். மகளின் கையை வாங்கி, விரல்களின் பின்பக்கத்தை அவர் வால் எலும்பின் மேல் வைத்தேன். அப்புறம் ஒரு சாண் தள்ளி வைத்தேன். "இங்க சுடுது" என்றாள் உடனே. தொட்டுப் பார்த்தால் அந்த இடம் மட்டும் கொஞ்சம் கெட்டியாக, சுற்றியிருக்கும் நிறத்தைவிட ஒரு படி கருப்பாக இருந்தது. அதுதான் புண்ணின் தொடக்கம்.

"பின்ன என்னதான் செய்யது?" என்று கேட்டாள். முழுக்கக் குப்புறவோ மல்லாக்கவோ வேண்டாம், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து முப்பது டிகிரி சாய்த்தால் போதும் என்று காட்டினேன். கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் இன்னொரு தலையணை, குதிகால் எதிலும் படாமல் தொங்க வேண்டும். மேலே ஏற்றும்போது அக்குளில் கை கொடுத்து இழுக்கக் கூடாது, பழைய வேட்டியை மடித்து இடுப்புக்கடியில் போட்டு ரெண்டு பேராகத் தூக்க வேண்டும். எல்லாம் செய்தாள். ஆனால் இடது பக்கம் திருப்பினால் மட்டும் பாட்டா பத்து நிமிஷத்தில் சத்தம் போடுவார். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. அவரிடமே கேட்டோம். "செவுத்தப் பாத்துக்கிட்டு எவ்வளவு நேரம் கெடக்கச் சொல்லுத பிள்ளே? யாரு வாறா யாரு போறான்னு தெரியாண்டாமா?" கட்டிலை இழுத்து அறைக்கு நடுவில் போட்டோம். ஒரு பக்கம் வாசல், மறு பக்கம் ஜன்னல் வழியே ரோடு. சத்தம் நின்றது. இது எந்த ஸ்கேலிலும் இல்லை.

உங்கள் வீட்டில், வார்டில் எப்படி? சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை மருமகள்:

எங்க அத்தைக்கு இடுப்பெலும்பு முறிஞ்சு கோயமுத்தூரில் ஆபரேஷன் ஆகி வீட்டுக்குக் கூட்டிவந்தோம். வந்த மறுநாளே கொழுந்தனார் ரெண்டு சாமான் வாங்கி வந்துவிட்டார். ஒன்று, நடுவில் ஓட்டை வைத்த காற்று வளையம், அதன் மேல் உட்காரவைத்தால் புண் வராதாம். இன்னொன்று வாடகைக்கு எடுத்த ஆல்ஃபா பெட், மோட்டார் வைத்துக் காற்று ஏறி ஏறி இறங்குமே, அது. குதிகாலுக்கு நான் என் பங்குக்கு ரப்பர் கையுறையில் தண்ணீர் நிரப்பிக் கட்டி வைத்திருந்தேன், யூடியூபில் பார்த்தது.

பாலியேட்டிவ் சிஸ்டர் வந்து முதல் வேலையாக வளையத்தை எடுத்து ஓரமாக வைத்தார். வளையம் சுற்றிலும் அழுத்துகிறது, அப்போது நடுவில் இருக்கும் சதைக்கு ரத்தம் எப்படிப் போகும் என்று கேட்டார். கொழுந்தனாருக்குக் கோபம். "கடைக்காரன் டாக்டரே எழுதித் தர்றார்னு சொன்னானுங்க" என்று விடவே இல்லை. சிஸ்டரும் விடவில்லை. அவரையே அந்த வளையத்தில் உட்காரவைத்துவிட்டு எனக்கு மருந்து விவரம் சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் நெளிய ஆரம்பித்தார் மனுஷன். வளையம் பரணுக்குப் போனது, கையுறையும்தான்.

பெட் இருக்கிறதே, திருப்ப வேண்டாம்தானே என்று நினைத்தேன். திருப்பத்தான் வேண்டுமாம், பெட் துணைதான். ராத்திரி ரெண்டு மணிக்கொரு தரம் எழுப்பினால் அத்தை, "தூங்க வுடு சாமி, போற உசுரு தூக்கத்துலயே போகட்டும்" என்று அழும். அதைச் சொன்னதும் சிஸ்டர் ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னார். அமெரிக்காவிலும் கனடாவிலும் முதியோர் இல்லங்களில் தொள்ளாயிரத்துச் சொச்சம் பேரை வைத்துப் பார்த்து 2013-இல் வெளியிட்டார்களாம். நல்ல அடர்த்தியான ஃபோம் மெத்தையில் படுத்தவர்களை ரெண்டு மணிக்கொரு முறை திருப்பினாலும் மூன்று, நான்கு மணிக்கொரு முறை திருப்பினாலும் புண் வந்ததில் பெரிய வித்தியாசம் இல்லையாம். "பஞ்சு மெத்தைக்கு இந்தக் கணக்கு ஆகாது, பெட் இருக்கிறதால் ராத்திரி மட்டும் கொஞ்சம் தள்ளிப் பார்க்கலாம், காலையில் முதுகைத் தொட்டுப் பாருங்க, சூடு தெரிஞ்சா பழையபடி மாத்திக்கலாம்" என்றார். அத்தைக்கும் தூக்கம், எனக்கும் தூக்கம். ரெண்டு மணி என்பது கல்லில் வெட்டின கணக்கு இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் இதை யாரும் சொல்லவில்லை.

ஒரு சந்தேகம்: வாங்கி வைத்த பவுடர் டப்பாக்களை என்ன செய்ய?

வண்டிப்பெரியார் ராஜபார்வை:

எங்கள் அம்மா தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவர். லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) கட்டில் போட இடமில்லை, சிமென்ட் தரையில் கம்பளி, அதன் மேல் பாய். எங்களுக்கு விவரம் தெரிந்தபோது புண் ஆழமாகிவிட்டது. புண்ணைவிட வாடைதான் கொடுமை. பக்கத்து வீட்டு அக்கா, அம்மாவோடு சேர்ந்து கொழுந்து எடுத்தவர், வாசலோடு நின்று பேசிவிட்டுப் போவார். அம்மாவுக்கு அது புரிந்துவிட்டது, பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

ஜீப் கொழுந்து செட்டு வரைக்கும்தான் வரும், அதற்கு மேல் சிஸ்டர் நடந்தே வந்தார். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டு ஆறவிட்டுக் கழுவினார். டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டு, மெட்ரோனிடசோல் என்கிற கிருமிக்கொல்லி மாத்திரையை நைசாகப் பொடித்துப் புண்ணில் தூவினார். துணியை வெட்டிக் குக்கரில் அவித்து வைத்துக்கொள்ளச் சொன்னார். அந்த வாரமே வாடை அடங்கியது. புண் ஆறவில்லை, ஆறும் நிலையிலும் அம்மா இல்லை. ஆனால் அந்த அக்கா உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்து எஸ்டேட் கதையெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்.

காட்பாடி டியூட்டர்:

வேலூர் எல்லைக்கு அந்தப் பக்கம் சித்தூர், குடிபாலாவிலிருந்தெல்லாம் பிள்ளைகள் நர்சிங் படிக்க வருவார்கள். 1909-இல் வேலூர் சி.எம்.சி.யை நிறுவிய ஐடா ஸ்கடர் நர்சிங் பள்ளி தொடங்கி, 1946-இல் பட்டப்படிப்பே வந்துவிட்ட மண். அதனால் எங்கள் பக்கத்தில் நர்சிங் ஆராய்ச்சி என்றால் பெரிதாக இருக்கும் என்று நினைப்பீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

நான் நூலகத்தில் புரட்டிய எம்.எஸ்சி. ஆய்வேடுகளில் பாதிக்கு மேல் ஒரே அச்சு. "இன்ன விஷயம் பற்றிய அறிவில் கட்டமைக்கப்பட்ட கற்பித்தல் திட்டத்தின் பலன்" என்று தலைப்பு. அறுபது பேரைப் பிடி, முப்பது கேள்வி கொடு, சார்ட்டைத் தொங்கவிட்டு முக்கால் மணி நேரம் பாடம் எடு, ஒரு வாரம் கழித்து அதே முப்பது கேள்வியைத் திரும்பக் கொடு. மார்க் கூடும். கூடாமல் எப்படி இருக்கும்? மார்க் கூடியது தற்செயல் இல்லை என்று காட்டும் பி வேல்யூ 0.05-க்குக் கீழே வந்துவிட்டது என்று ரெக்சின் அட்டை போட்டு வைத்துவிடுவோம். படுக்கைப்புண் பற்றியே இப்படி எத்தனையோ உண்டு. அறிவு கூடியதா என்று எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். நோயாளியின் முதுகைத் திருப்பி, புண் குறைந்ததா என்று பார்த்தவர்கள் சொற்பம்.

என்னிடம் ஒரு ஆந்திரத்துப் பிள்ளை வந்தாள். கேள்வித்தாள் வேண்டாம் மேடம், ஒரே நாளில் எல்லா வார்டுக்கும் போய் எல்லோருடைய தோலையும் பார்த்து எத்தனை பேருக்குப் புண் இருக்கிறது என்று எண்ணுகிறேன் என்றாள். எளிய யோசனை, நல்ல யோசனை. அவளுக்கு இடம் கொடுத்த தனியார் மருத்துவமனையில் வார்டு இன்சார்ஜ் கேட்ட ஒரே கேள்வி: "எண்ணி வெளியே சொன்னா யார் பேரு கெடும்?" அங்கே பிரேடன் ஸ்கேல் தாளை அவள் பார்த்திருக்கிறாள். அதுவும் நார்ட்டன் ஸ்கேல் மாதிரி புண் வரும் ஆபத்தைப் பார்ப்பதுதான், ஆறு தலைப்பில் மதிப்பெண் போட்டு, 18 அல்லது அதற்குக் கீழே இறங்கினால் கவனி என்று சொல்லும் தாள். மூன்று ஷிஃப்டிலும் ஒரே எண், ஒரே பேனா. வென்டிலேட்டர் ஏறிய ஆளுக்கும், முந்தின நாள் அவர் நடந்துகொண்டிருந்தபோது போட்ட அதே மதிப்பெண்!

அந்த ஸ்டாஃப் பிள்ளைகளை நான் திட்ட மாட்டேன். இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி போதனா மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், பொது மருத்துவமனையில் ஐந்து பேருக்கு ஒருவர். ராத்திரி அந்த வார்டில் மொத்தமே ரெண்டு பேர், அதில் ஒருத்தி அப்போதுதான் சேர்ந்தவள். அவர்கள் யாரைத் திருப்புவார்கள்? அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கனின் குழு 2002-இல் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை வைத்துக் காட்டியதும் இதைத்தான்: ஒரு நர்ஸிடம் கூடுதலாக ஒரு நோயாளியை ஒப்படைத்தால், அறுவை சிகிச்சைக்கு வந்தவர்கள் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் ஏறுகிறது. 2014-இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளிலும் கிட்டத்தட்ட அதே கணக்கு. என்னைக் கேட்டால், எந்தப் பவுடர், எந்த பெட் என்று ஆராய்வதற்கு முன்னால் திருப்பிப் போட எத்தனை கை இருக்கிறது என்று எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கையைத்தான் நிர்வாகம் வெளியே விடாது.

கடைசியில் அவளும் தலைப்பை மாற்றினாள். உறவினர்களுக்கு வீடியோவில் கற்பித்தல், முன் தேர்வு, பின் தேர்வு. ஆனால் கெட்டிக்காரி, கடைசியில் ஒரு பத்தி சேர்த்தாள்: டிஸ்சார்ஜ் ஆகிப் போனபின் வீட்டுக்கு போன் போட்டு, புண் வந்ததா என்று கேட்டு எழுதினாள். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பரிசோதகர் மற்றதையெல்லாம் புரட்டித் தள்ளிவிட்டு அந்த ஒரு பத்தியைப் பற்றி மட்டுமே கேள்வி கேட்டார்.

களியக்காவிளை சிஸ்டர்:

டியூட்டர் மேடம், அந்தப் பிள்ளையை இங்கே அனுப்புங்கள். எண்ணுவதற்கு என் பஞ்சாயத்தில் யாரும் தடை சொல்ல மாட்டார்கள், வீட்டுக்கு வீடு பதிவேடு இருக்கிறது.

கொழிஞ்சாம்பாறை அக்கா, பவுடரைத் தூக்கி எறிய வேண்டாம், நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அத்தைக்கு வேண்டாம், வியர்வையோடு சேர்ந்து மடிப்புகளில் கட்டியாக ஒட்டி உராயும். மூத்திரம் போனதும் உடனே கழுவி, ஒற்றி எடுத்துவிட்டு, தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவினாலே போதும். தடவத்தான் வேண்டும், தேய்க்கக் கூடாது. சாப்பாட்டையும் பாருங்கள். எங்கள் பக்கம் படுத்துவிட்டவர்களுக்குக் கட்டஞ்சாயாவும் (பால் இல்லாத டீ) மரச்சீனியுமாகவே (மரவள்ளிக்கிழங்கு) கொடுத்துக்கொண்டிருப்பார்கள். தோல் கட்டப் புரதம் வேண்டும்: முட்டை, சாளை மீன், ஒன்றும் முடியாவிட்டால் கஞ்சியோடு மசித்த பயறு.

சிலர் வீட்டில் புண்ணுக்கு மேல் வாழையிலை வைக்கலாமா என்று கேட்கிறார்கள். தீக்காயத்துக்கு வாழையிலை வைத்து மும்பை மருத்துவர்கள் ஆராய்ந்து 2003-இல் எழுதியிருக்கிறார்கள். காயத்தில் ஒட்டாமல் வலியில்லாமல் எடுக்க வருகிறது. ஆனால் அவர்கள் இலையைக் கிருமி நீக்கி வைத்தார்கள், தோட்டத்தில் வெட்டி அப்படியே வைக்கவில்லை. ஆழமான படுக்கைப்புண்ணுக்கு நீங்களாக வைக்காதீர்கள். புண்ணின் மேல் கறுப்பாகத் தோல் கட்டிக்கொண்டாலோ, சீழ் வைத்துக் காய்ச்சல் வந்தாலோ அடுத்த விசிட் வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம், அன்றைக்கே போன் போடுங்கள்.