புதுப்பிப்பு: அந்த 14 அடி அலுமினியப் படகை வாங்கிவிட்டேன்

ஒன்டாரியோவில், ஸ்கூகாக் ஏரியில் மீன் பிடிக்க தகடுகளை ரிவெட் (இணைப்பு ஆணி) அடித்துச் சேர்த்த பழைய படகு ஒன்றைப் பார்த்திருக்கிறேன், வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது.

நீங்கள் சொன்ன சோதனைதான் கைகொடுத்தது. படகை டிரெய்லரில் வைத்தபடியே உள்ளே கொஞ்சம் தண்ணீர் விட்டு, அடியில் குனிந்து பார்த்தோம். நடு இருக்கைக்குக் கீழே இரண்டு ரிவெட்டில் மட்டும் சொட்டியது. அதை அடித்து இறுக்கிவிடலாம். பெரிய வேலை மோட்டாரை மாட்டும் பின்பக்கப் பலகைதான். மோட்டாரின் அடிப்பகுதியைப் பிடித்து அழுத்தியதும் பலகை அசைந்தது. உள்ளே மரம் உளுத்துவிட்டது. அதைக் காட்டியே விலையைக் குறைத்தேன்.

புதுப் பலகைக்கு மரைன் பிளைவுட்டும் (படகுக்கான ஒட்டுப்பலகை), நீர் புகாமல் இருக்க எப்பாக்ஸிப் பிசின் பூச்சும் போடப் போகிறேன். உளுக்காமல் இருக்கச் செம்பு கலந்த மருந்து ஏற்றிய மரத்தைத் தயவுசெய்து யாரும் வைக்காதீர்கள். ஈரம் பட்டால் அது அலுமினியத்தை அரித்துவிடும், ஓட்டை விழுந்த பிறகுதான் கண்ணில் படும்.

மோட்டார் 9.9 குதிரைத்திறன். 10-க்குக் கீழே என்பதால் கனடாவில் படகுக்கு உரிம எண் கட்டாயமில்லை. ஆனால் ஓட்டுபவரிடம் மோட்டார் படகு ஓட்டுவதற்கான தகுதி அட்டை இருக்க வேண்டும்.

டிரெய்லர் சக்கர பேரிங்கை வீட்டிலேயே மாற்றியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், அடுத்து அதுதான்.